சனிக்கிழமைக்கு ஒரு நெல்லளவு

காப்பி ஆறிவிடும், குடியுங்கள் ஐயா. நல்ல காப்பி. எங்கள் பாவா, அக்கா புருஷன் பங்காரு, தம் கடையில் பாலில் தண்ணீர் கலப்பதில்லை. சர்க்கரைக்கு ரேஷன் இருந்த நாளிலும் யார் டம்ளரிலும் அவர் குறைத்துப் போட்டதில்லை. அந்த மனிதரைப் பற்றி நான் ஒரு பொய்யும் சொல்லப் போவதில்லை. சொல்லப் போவதெல்லாம் என்னைப் பற்றித்தான்.

அறநிலைய போர்டு விசாரணைக்குக் கடைப் பக்கம் வரச் சொன்னீர்கள், நான் எழுந்து வரவில்லை. மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். மடியில் பாதி கட்டிய சரம் இருக்கிறது. நீங்களே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தது பெரிய மனசு. கொஞ்சம் சுவரோரமாகப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வாசலுக்கு நேரே யாரும் உட்காரக் கூடாது, என்னைத் தவிர.

சந்துக்காரர்கள் பதினேழு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புகாரை எனக்கும் படித்துக் காட்டினீர்கள். கோயில் பூசாரி வேதாசலம் ஆவணி மாசம் முதற்கொண்டு சந்நிதி வாசலில் நட்டநடுவே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு சாமியை மறைக்கிறான், எழுந்திரு என்றால் பூக்கட்டுகிறேன் என்கிறான், இவனை நீக்கிவிட்டு வேறு ஆளைப் போட வேண்டும். எல்லாம் உண்மை. ஆனால் இதைவிடப் பெரிய குற்றம் ஒன்றை நான் செய்திருக்கிறேன். அதை முதலில் எழுதிக்கொண்டால்தான் இந்தச் சின்னக் குற்றம் புரியும். என்னை நீக்குவதாக இருந்தால் தாராளமாக நீக்குங்கள். இது ஐப்பசி. தை பிறந்ததும் நீக்குங்கள். அதுவரைக்கும் இந்த முக்காலியிலிருந்து எழுப்பாமல் இருந்தால் போதும். நான் கேட்பது அது ஒன்றுதான்.

இந்தக் கோயில் இருப்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. உள்ளூரிலும் பாதிப் பேருக்குத் தெரியாது. திருத்தணிக்கு வருகிறவர்கள் கண்ணில் மலை ஒன்றுதான் படும். ரயிலை விட்டு இறங்கியதும் ஒரு அரோகரா, முந்நூற்று அறுபத்தைந்து படி, மொட்டை, காவடி, இறக்கம், மறுபடி ரயில். நடுவில் இந்தச் செக்கடிச் சந்தில் இடித்துக்கொண்டு புகுந்து வெளியே வருவார்கள். ஒரு பக்கம் எண்ணெய்ச் செக்கு, மறுபக்கம் பொரி வறுக்கிற அடுப்பு, இரண்டுக்கும் இடையில் ஆறடி அகலத்தில் எங்கள் சனீஸ்வரன். சுவரில் பழைய கல்லெழுத்து இருக்கிறது. எழுநூறு வருஷம் இருக்கும் என்று யாரோ படித்தவர் சொன்னார். பொரிக்காரர் அதன்மேல்தான் மூட்டையைச் சாத்தி வைக்கிறார்.

சனீஸ்வரனை யாரும் நேருக்கு நேர் நின்று கும்பிடுவதில்லை. பக்கவாட்டில் நின்று, கண்ணை மூடி, எள் விளக்கை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பார்வை பட்டால் ஆகாது. அதனால் கோயிலுக்கு எதிரே யாருமே வாசல் வைத்ததில்லை. புளிக் கிடங்கின் பின்சுவர் மட்டும் இருந்தது. சாமி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வருஷத்துக்கு இரண்டு தடவை வெடிக்கும், கிடங்குக்காரர் பூசிக்கொள்வார். சுவருக்குப் பக்கத்தில், சாமிக்கு இடது கைப் பக்கமாக, தையல்காரர் ஆதிகேசவன் வீடு. அதையும் தாண்டினால் பாவாவின் காப்பி கிளப். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் சாமியின் காது மட்டும் தெரியும்.

என்னைப் பெற்ற நைனாவுக்குப் பிறகு இருபத்திரண்டாம் வயதில் நான் பூசைக்கு வந்தேன். இத்தனை வருஷத்தில் என்னிடம் அதிகம் பேர் கேட்டது, "சாமி, மலைக்கு எப்பிடிங்க போறது?" என்ற கேள்விதான். நேரே போய் இடது கைப் பக்கம் திரும்புங்கள் என்பேன். அந்த வழி சனி பகவானுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

நாற்பதாம் வருஷம் மார்கழிக் கடைசியில் படித் திருவிழாவுக்கு நல்ல கூட்டம். பாவா கடையில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். கனகம்மாசத்திரத்துக்காரர்கள் ஒரு இருபது பேர் வந்து என்னிடம் வழி கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பாவா முந்திக்கொண்டார்.

"கேளுங்க, கேளுங்க. எங்க மச்சான் சாமிக்குப் பூச பண்றாரா, மலைக்கு வழி சொல்றாரா, எனக்கே இன்னும் தெரியலங்க."

கடையே சிரித்தது. இட்லிப் பானைக்குப் பின்னால் நின்றிருந்த எல்லம்மா அக்கா, என் கூடப் பிறந்தவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். மீதிக் காப்பியை மட்டும் குடிக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் கடைக் காப்பியை நான் தொடவில்லை. அவருக்கு இது தெரியாது. மறுநாளிலிருந்து தினம் விடியற்காலையில் முதல் டம்ளரை எனக்கென்று கோயிலுக்கு அனுப்ப ஆரம்பித்தார். அதை வாங்கிச் சாமிக்கு எதிரே வைத்துவிடுவேன். ஆறியதும் காக்கைக்குப் போகும். காக்கை சனி பகவானின் வாகனம், அதனால் தப்பில்லை. இந்தச் சந்துக் காக்கைகள் எட்டரை வருஷம் காப்பி குடித்தன.

கொஞ்சம் இருங்கள். பாவா கல்லாவிலிருந்து எழுந்து பாய்லர் பக்கம் போகிறார். நான் முக்காலியை இப்படி நகர்த்திக்கொள்கிறேன். வெளிச்சத்துக்காக. ஆங், இப்போது சரி.

அடுத்த தை மாசம், முதல் சனிக்கிழமை. சாமிக்கு நல்லெண்ணெய் சாத்திக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தேன். சாமி அசைந்தார். அதிசயம் ஒன்றும் இல்லை. கல் சிலையைப் பீடத்தில் நிறுத்தி அஷ்டபந்தனம் என்று ஒரு மருந்து வைத்து இறுக்குவார்கள். அரக்கு, குங்கிலியம், மெழுகு, எருமை வெண்ணெய் எல்லாம் சேர்த்து இடித்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம் செய்து அதைப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் கோயிலுக்கு யார் செய்வார்கள்? நைனா காலத்திலேயே செய்யவில்லை. வாராவாரம் எண்ணெய் இறங்கி இறங்கி மருந்து களிம்பாகிவிட்டது. விழப்போகிற பால்பல் மாதிரி சாமி ஆடினார்.

வேறு பூசாரியாக இருந்தால் பெரிய மனிதர்களிடம் ஓடியிருப்பான். நான் எண்ணெய்க் கையோடு வாசலுக்கு வந்து பாவாவின் கடையைப் பார்த்தேன்.

கோபத்தில் செய்தாயா என்று கேட்கிறீர்கள். கோபமே இல்லை, ஐயா. கோபக்காரன் அன்றைக்கே டம்ளரை வீசியிருப்பான். நான் யோசித்துத்தான் செய்தேன். சாமியைக் கேலி பண்ணுகிற மனிதரைச் சாமி ஒரு தடவை பார்ப்பதுதான் நியாயம். ஆனால் சாமி கல், தானாகத் திரும்ப முடியாது. அவரால் முடியாததைச் செய்யத்தானே பூசாரி இருக்கிறான்? குளிப்பாட்டுகிறோம், துணி உடுத்துகிறோம், சாப்பாடு காட்டுகிறோம். திருப்பியும் விட்டேன்.

அன்று மத்தியானம் சந்தே சாப்பிட்டுவிட்டுத் தூங்கியது. வாழை நாரை நீளமாக முடிந்து, ஒரு முனையைச் சந்தனத்தால் சாமி மூக்கில் ஒட்டினேன். மறு முனையைப் பிடித்துக்கொண்டு சந்தைக் கடந்து போனேன். பாவா கடைப் பெஞ்சில் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முனையை அவர் தொப்புளில் லேசாக வைத்துப் பார்த்தேன். நார் நன்றாக எட்டியது. திரும்பி வந்து பீடத்தின் விளிம்பில் கணக்குப் போட்டேன். சாமி ஒரு சாண் திரும்ப வேண்டும். ஒரே நாளில் ஒரு சாண் திருப்பினால் ஊருக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு நெல்லளவு திருப்பினால் சாமிக்கே தெரியாது.

அப்படித்தான் செய்தேன். சனிக்கிழமைதோறும் மத்தியானம் பீடத்தில் ஒரு நெல்லை வைப்பேன். சாமியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக் கன்னத்தோடு கன்னம் வைத்து ஒரு முக்கு முக்குவேன். நெல்லின் அகலம் நகர்ந்ததும் விட்டுவிட்டுக் கற்பூரம் காட்டுவேன். ஒன்றரை வருஷ வேலை. யாருக்கும் தெரியவில்லை. கும்பிட வருகிற நாலைந்து பேரும் பக்கவாட்டில் கண்ணை மூடிக்கொண்டல்லவா நிற்கிறார்கள்.

வழியில் ஆதிகேசவன் வாசல் குறுக்கிட்டது. அதற்கு நான் என்ன செய்வது? கிடங்குச் சுவரிலிருந்து பாவா கடைக்குப் போகிற பார்வை அந்த வாசலைக் கடந்துதான் போக வேண்டும். முதல் வாரம் அவருடைய தையல் மிஷின் சக்கரம் உடைந்தது. இரண்டாம் வாரம் போலீஸ்காரர் ஒருவரின் சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். மூன்றாம் வாரம் அவர் மனைவி பள்ளிப்பட்டில் தாய் வீட்டுக்குப் போனவள் வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. சீக்கிரம் தாண்டிவிடட்டும் என்று வாரத்துக்கு இரண்டு நெல்லாகத் திருப்பினேன். நைவேத்தியப் பழத்திலும் ஒன்றை அவருக்குக் கொடுத்தனுப்பினேன். அதற்குமேல் யார் செய்வார்கள்?

அப்போது ஒன்று தெரிந்துகொண்டேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஆதிகேசவனின் மாமா வந்து தம் எருமைக் கடாவை அந்த வாசலில் கட்டினார். அது சாமிக்கும் வீட்டுக்கும் குறுக்கே நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. அந்த வாரம் ஆதிகேசவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. கடாவுக்குத்தான் வயிறு ஊதிக்கொண்டது. குறுக்கே எது இருக்கிறதோ அதன்மேல்தான் பார்வை விழும், பின்னால் இருப்பவனுக்குத் தொந்தரவு இல்லை. பார்வை அவர் வீட்டைத் தாண்டின வாரமே மனைவியும் திரும்பி வந்துவிட்டாள்.

நாற்பத்திரண்டு சித்திரையில் பார்வையின் ஓரம் பாவாவின் கடையைத் தொட்டது. நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் காணாமல் போன அவருடைய எருமை கன்றோடு வீடு வந்து சேர்ந்தது. அடுத்த வாரம் பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பாதிப் பட்டணம் ரயிலேறித் திருத்தணியில் இறங்கியது. இறங்கிய அத்தனை பேரும் காப்பி கேட்டார்கள். பாவா இரண்டாவது பாய்லர் வாங்கினார். அதற்கடுத்த வாரம் அவர் மகளுக்கு அரக்கோணத்தில் ரயில்வே மாப்பிள்ளை அமைந்தார். நான் நாரை எடுத்துக்கொண்டு போய் மறுபடி அளந்து பார்த்தேன். குறி சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தொப்புள்தான் முன்னைவிடப் பெரிதாகியிருந்தது.

சந்தேகம் தீரப் பள்ளிப்பட்டு ஜோசியரிடம் போனேன். சனி பார்த்தும் ஒருவர் நன்றாக இருக்கிறாரே, எப்படி என்று கேட்டேன்.

"அவசரப்படாதீங்க. பார்வ முழுசா விழுந்து ஏழர வருசம். கெளம்பிப் போற நேரத்துலதான் அவரு வேலயக் காட்டுவாரு. ஆளையே தூக்கிகினு போயிடுவாரு. யாருக்குங்க?"

"வேண்டப்பட்டவர்" என்றேன். நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அந்த ஆடி மாசம் மூன்றாம் சனிக்கிழமை சாமியின் மூக்கு பாவாவின் கல்லாவுக்கு நேரே வந்து நின்றது. அதிலிருந்து ஏழரை வருஷம் என்றால் ஐம்பதாம் வருஷம் தை. காத்திருப்பது எனக்குச் சிரமம் இல்லை.

வெளிப்பட்டது பிரபுதாஸ் என்ற டிராயிங் மாஸ்டரால். அரக்கோணத்தில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுப்பவர், பழைய கோயில்களை வரைவதில் பிரியம். அவர் வேதக்காரர், ஏசுவைக் கும்பிடுகிறவர், அதனால் சனிப் பார்வையில் அவருக்குப் பயம் இல்லை. சந்தின் நடுவே முக்காலி போட்டுச் சாமி முகத்தை நேருக்கு நேர் பார்த்து வரைந்தார். இந்தச் சந்தில் அதற்குமுன் யாரும் செய்யாத காரியம் அது. நான் வேலையை ஆரம்பிப்பதற்கு முன் ஒரு தடவை வந்து வரைந்திருந்தார். சாமி வந்து நின்ற அதே வாரம் மறுபடி வந்தார்.

"பூசாரியாரே, உங்க சாமி திரும்பியிருக்காரே. போன தபா எதிர்ச் சுவரப் பாத்துகினு இருந்தாரு" என்று இரண்டு படத்தையும் எடுத்துக் காட்டினார்.

சந்து கூடிவிட்டது. நம்மவர்கள் யாராவது சொல்லியிருந்தால் காசு பார்க்கச் சொல்கிறான் என்றிருப்பார்கள். வேதக்காரருக்கு இதில் என்ன ஆதாயம், அதனால் சத்தியமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தார்கள். சாமி யாரைப் பார்க்கிறார் என்று தெரிய ஒரு கயிறு வேண்டும் என்றார்கள். என் வாழை நாரையே கொடுத்தேன். அது நேரே போய்ப் பாவாவிடம் நின்றது. நான் அக்காவுக்குச் சொல்ல வேண்டிய ஆறுதல் வார்த்தைகளை மனசில் அடுக்கிக்கொண்டேன்.

பாவா கல்லாவை விட்டு எழுந்து கையைக் கூப்பினார். கண்ணில் தண்ணீர்.

"இத்தினி பேரு இருக்கச்சொல்ல சாமிக்கு என்னப் பாக்கணும்னு தோணிச்சே. சனின்னா என்னா, அவரும் சாமிதானே. பாக்கட்டும், நல்லா பாக்கட்டும்."

அவ்வளவுதான். எருமை வந்தது, பாய்லர் வந்தது, மாப்பிள்ளை வந்தது எல்லாவற்றையும் சந்து விரல் விட்டு எண்ணியது. சனியே திரும்பி நின்று உற்றுப் பார்த்தும் ஒரு குறையும் காணாத மனிதர் என்று பாவாவுக்குப் பெயர் வந்துவிட்டது. விளக்கு வைப்பதற்குள் அந்தப் பெஞ்சுக்கு அடிதடி. அதில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்து எழுந்தால் சனி தோஷம் கழியும் என்று யார் கிளப்பிவிட்டதோ, இன்றைக்குச் சித்தூரிலிருந்துகூட வருகிறார்கள். எழுநூறு வருஷம் யாருக்கும் தெரியாமல் கிடந்த கோயில் பிரசித்தி ஆகிவிட்டது. ஆனால் யாரும் கோயிலுக்குள் வருவதில்லை. கடையில் உட்கார்ந்தே சாமியைப் பார்த்துவிடுகிறார்கள். என்னிடம் கேட்கிற கேள்வி மட்டும் மாறியது. "சாமி, சனி பாத்த காப்பிக் கட எங்கங்க?" எதிரே இடது கைப் பக்கம் என்கிறேன். ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வருஷம் பாவா தம் செலவில் கும்பாபிஷேகம் செய்து வைத்தார். சாமி விரும்பித் திரும்பிய திசையிலேயே இருக்கட்டும் என்று புது அஷ்டபந்தனம் வைத்தார்கள். அந்த எருமையின் வெண்ணெயைத்தான் போட்டு இடித்தார்கள். சாமி பாறையாக இறுகிவிட்டார். நான் கலசத்தைச் சுமந்து சுற்றி வந்தேன், எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஏழரையில் ஆறரைக்கு மேல் மிச்சம் இருந்தது.

அதனால் இப்படி எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. செக்கடிச் சந்து பூசாரி வேதாசலமாகிய நான், என் அக்கா புருஷன் பங்காருவைச் சனியை விட்டுக் கொல்ல ஏற்பாடு செய்தேன். தெளிந்த புத்தியோடு, வாரம் தவறாமல் செய்தேன். அவர் அத்தனை பேருக்கு நடுவில் என்னைக் கேலி செய்தார், அதற்காகச் செய்தேன்.

பேனாவை மூடிவிட்டீர்கள். இதற்குச் சட்டத்தில் இடம் இல்லை என்கிறீர்கள். அது உங்கள் சட்டத்தின் குறை.

பாவா டம்ளர் கழுவுகிற இடத்துக்குப் போகிறார் பாருங்கள். உட்காரவே மாட்டார் இந்த மனிதர். நான் இன்னும் ஒரு நெல்லளவு இந்தப் பக்கம் வந்துவிடுகிறேன். பூவில் நிழல் விழுகிறது.

இவ்வளவு வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் சொல்கிறாய் என்று கேட்டீர்கள். போன ஆடிக் கிருத்திகையன்று பாவா ஒரு காரியம் செய்தார். சந்தில் காவடிக் கூட்டம், அரோகராச் சத்தத்தில் காது கேட்கவில்லை. அத்தனை வியாபாரத்தையும் விட்டுவிட்டு அவரே என் காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, இடிபட்டுக்கொண்டு கோயிலுக்குள் வந்தார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"மச்சான், ரொம்ப நாளா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு. ஒரு சனிக்கெழம மத்தியானம் தூக்கம் வராம எந்திரிச்சிப் பாத்தேன். நீ சாமியக் கட்டிப் புடிச்சிகினு தள்ளிகினு இருந்த. எங்க கடப் பக்கமா."

நான் டம்ளரை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"எனக்கு நெஞ்சே அடச்சிப் போச்சிப்பா. அதுக்கு முன்னாடிதான் கூட்டத்துல உன்ன வெச்சி வெளாட்டுக்கு ஒண்ணு சொல்லிட்டேன். சொல்லிட்டு அன்னிக்கி ராத்திரி சோறு எறங்கல. உங்க அக்கா கூட என்னத் திட்டினா. மறுநாள்ல இருந்து மொதல் காப்பி உனக்குன்னு வெச்சேன். அத நீ மனசுல வெச்சிக்காம, என் கட நல்லா இருக்கணும்னு சாமியையே திருப்பி வுட்டுகினு இருக்கியே. கூடப் பொறந்தவன் செய்வானா இத? யாருகிட்டயும் மூச்சு வுடல. எல்லம்மா கிட்டகூடச் சொல்லல. சொன்னா உன் வேல போயிடும்ல."

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். பாவா, நீ சாக வேண்டும் என்றுதான் திருப்பினேன். ஒரே வாக்கியம். வாயைத் திறந்தேன். அரோகரா என்று ஒரு காவடி உள்ளே வந்தது. கையில் காப்பி இருந்தது, குடித்துவிட்டேன். எட்டரை வருஷத்துக்குப் பிறகு, கடைசிச் சொட்டு வரைக்கும். அன்றைக்கு வாசலில் காக்கைகள் காத்திருந்துவிட்டுப் போயின.

மறுநாள் பள்ளிப்பட்டு போனேன். பரிகாரம் உண்டா என்று ஜோசியரைக் கேட்டேன். "கடைசி அஞ்சி மாசத்துல வந்து கேட்டா நான் என்னாங்க பண்றது? இனிமேதான் அவரு கவனமாப் பாப்பாரு" என்றார். அதற்கப்புறம் நாலு சனிக்கிழமை மத்தியானம் கடப்பாரையோடு சாமியிடம் போராடினேன். பாசத்தினால் என்று எழுதிவிடாதீர்கள். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது முறை, அவ்வளவுதான். அந்த எருமை வெண்ணெய் விடவில்லை. என் இடுப்புத்தான் பிடித்துக்கொண்டது. பாவாவிடமும் கடையை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிப் பார்த்தேன். "நீ திருப்பி வெச்ச சாமிய வுட்டுட்டு நான் எங்க போவேன் மச்சான்" என்கிறார். அவருக்கு எதையும் புரியவைக்க முடியாது.

கடைசியாக நீங்கள் வந்த விஷயம். கடப்பாரையும் கைவிட்ட பிறகு, டிராயிங் மாஸ்டர் மறந்துவிட்டுப் போன இந்த முக்காலியைத் தூசி தட்டி இங்கே போட்டேன். காலையில் பாவா கடை திறக்கிறபோது உட்காருகிறேன், அவர் கதவைச் சாத்துகிறபோது எழுந்திருக்கிறேன். அவர் அரக்கோணத்துக்கு மகளைப் பார்க்கப் போகிற நாளில் நான் உட்காருவதில்லை, இதைப் புகார் எழுதியவர்கள் கவனிக்கவில்லை. உட்கார ஆரம்பித்த பிறகு எனக்கு மேல்வரிசையில் இரண்டு பல் விழுந்தது. செருப்பு மூன்று தடவை காணாமல் போனது. சாதுவான நாய் ஒன்று கடித்தது. நேற்று பொரிக்காரர் மாடியில் காயவைத்த உரல் குழவி யாரோ கை தவறி என் பக்கத்தில் விழுந்தது. எல்லாம் வயசாவதால் வருவதுதான். முதுகு மட்டும் எந்நேரமும் யாரோ உற்றுப் பார்ப்பது போல் குறுகுறுக்கிறது.

இருங்கள், பாவா மறுபடி கல்லாவுக்கு வந்துவிட்டார். ஆங், உட்கார்ந்துவிட்டார். நானும் நகர்ந்துகொள்கிறேன். உங்கள் நாற்காலி இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் போகட்டும், ஐயா. உங்களுக்குக் குழந்தை குட்டிகள் இருக்கும்.

ஏன் இந்த இடத்தை விட மாட்டேன் என்கிறாய் என்றுதானே கேட்டீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள். பூக்கட்ட இங்கேதான் வெளிச்சம் சரியாக விழுகிறது. தை பிறந்தால் சூரியன் வடக்கே திரும்பிவிடும், வெளிச்சம் வேறு பக்கம் போய்விடும், நானே எழுந்துவிடுவேன். அதுவரைக்கும் பூக்கட்ட இதைவிட வசதியான இடம் இந்தச் சந்தில் கிடையாது. வேறு காரணம் ஒன்றும் இல்லை, ஐயா.